துறைமுகமற்ற கரையும் கோடைக்கானல் வானாய்வகமும்: காலனியக் காலக் கடலளவையின் ஒரு கிளை வரலாறு

முன்னுரை

கோடைக்கானல் வானாய்வகத்தைப் பற்றி எழுதப்படுவன பெரும்பாலும் சூரியனில் தொடங்கிச் சூரியனிலேயே முடிகின்றன. 1899ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் பழனி மலையில், கடல்மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் அது இயங்கத் தொடங்கியது. சார்லஸ் மிக்கி ஸ்மித் அதன் முதல் இயக்குநர். 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், சூரியக் கரும்புள்ளிகளில் வளிமம் மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை அங்கிருந்தே கண்டறிந்தார். இச்செய்திகள் யாவும் உண்மையே. எனினும் கோடைக்கானல் ஆய்வகம் 1899இல் புதிதாகத் தோன்றியதன்று. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டி முடிக்கப்பட்ட ஆய்வகத்தின் தொடர்ச்சியே அது. அந்த ஆய்வகமோ வானை அறியும் வேட்கையால் மட்டும் எழுந்ததன்று. இயற்கைத் துறைமுகம் வாய்க்காத, மணல்திட்டுகளும் பாறைகளும் நிறைந்த சோழமண்டலக் கரையில் கப்பல்கள் உடையாமல் வந்துசேர வேண்டும் என்ற வணிகத் தேவையால் எழுந்தது.

இத்தொடர்பை இக்கட்டுரை ஆராய்கிறது. கடலின் அபாயத்தை அளந்து குறியிடும் பணியில் இரண்டு வகை அறிவுகள் செயற்பட்டன. ஒன்று விண்மீன்களைக் கொண்டு கரையின் இருப்பிடத்தைக் கணித்தது. மற்றொன்று ஒவ்வொரு பருவத்திலும் மாறும் நீரடியைக் கண்ணாலும் கயிற்றாலும் அறிந்திருந்தது. முன்னது கல்லிலும் வரைபடத்திலும் பெயர் பெற்றது. பின்னது பாம்பன் கால்வாயில் இன்றியமையாததாக இருந்தும் பெயர் பெறவில்லை. பழனி மலையும் பாம்பனும் 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை ஒரே மதுரை மாவட்டத்தின் மேற்கு, கிழக்கு எல்லைகளாக இருந்தன என்பதும் இங்குக் கருதத்தக்கது.

ஒளி காட்டாதது

கடலில் வருவோர்க்குக் கரையை உணர்த்தும் விளக்கு தமிழ் இலக்கியத்துக்குப் புதியதன்று. ஏணி சார்த்தி ஏறும் உயர்ந்த மாடத்தில் இரவில் ஏற்றிய தீ கலங்களை அழைத்ததைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. 'கலங்கரை விளக்கம்' என்னும் சொல்லாட்சியே சிலப்பதிகாரத்தில் உள்ளது. ஆனால் விளக்கு ஒன்றைத்தான் சொல்லும்: இங்கே கரை உண்டு. கரைக்கும் கலத்துக்கும் இடையே எத்தனை பாகம் நீர் உண்டு, அடியில் மணலா பாறையா, நீரோட்டம் எத்திசையில் இழுக்கிறது என்பவற்றை அது சொல்லாது. அபாயம் இருந்தது அந்த இடைவெளியில்தான்.

சென்னை இதற்கு நல்ல சான்று. கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டையைக் கட்டிய இடத்தில் துறைமுகம் இல்லை. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டன. ஆளும் சரக்கும் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளிலும் கட்டுமரங்களிலும் அலைமடிப்பைக் கடந்து கரையேறின. ஆணியறைந்த ஐரோப்பியப் படகுகள் அந்த அலையடியில் பிளந்தன. தைத்த பலகைகள் நெகிழ்ந்து கொடுத்தமையால் தாங்கின. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் அந்த நங்கூரத் தளமும் பாதுகாப்பற்றதாயிற்று. 1746 அக்டோபரில் சென்னையைக் கைப்பற்றிய லா பூர்தொன்னேயின் பிரெஞ்சுக் கப்பல்களுட் பல, பகைவரால் அன்றி, ஒரே இரவுப் புயலால் அழிந்தன. கோட்டைக் கூரையில் 1796இல் ஏற்றப்பட்ட விளக்கோ, 1844இல் எழுந்த கல்தூண் கலங்கரை விளக்கமோ இந்நிலையை மாற்றக்கூடியவை அல்ல.

நுங்கம்பாக்கத்துத் தூண்

மைக்கேல் டாப்பிங் கம்பெனியின் கடலளவையாளர். 1780களின் பிற்பகுதியில் சோழமண்டலக் கரையின் இருப்பிடங்களைக் கணித்துப் பதிவு செய்யும் பணி அவரிடம் வந்தது. கரையோர இடம் ஒன்றின் அகலாங்கைச் சூரியனின் உச்சி உயரத்தைக் கொண்டு எளிதில் அறியலாம். நெட்டாங்கு அத்தகையதன்று. அதை அறிய, அவ்விடத்தின் நேரத்துக்கும் வேறொரு நிலையான இடத்தின் நேரத்துக்கும் உள்ள வேறுபாடு வேண்டும். ஆகவே அந்நிலையான இடம் ஒன்று கரையில் இருந்தாக வேண்டும். சென்னை ஆய்வகத்தின் பிறப்புக்குக் காரணம் இதுவே. எழும்பூரில் 1786இல் தம் சொந்தச் செலவில் சிறு ஆய்வகம் நிறுவியிருந்த வில்லியம் பெற்றி என்னும் கம்பெனி அலுவலர் தம் கருவிகளை வழங்கினார். ஆளுநர் சர் சார்லஸ் ஓக்லியின் ஆதரவில் 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுந்தது. கம்பெனி இயக்குநர்கள் அதன் நோக்கமாகச் சுட்டியவை மூன்று: வானியல், புவியியல், கடற்பயணம். இவற்றுள் வணிகக் குழுமம் ஒன்று பணம் செலவிடத் துணிந்தது எதன்பொருட்டு என்பதை ஊகிப்பது கடினமன்று.

அக்கட்டடத்தின் நடுவே, கருவியை அசைவின்றித் தாங்குவதற்காக, ஏறத்தாழ 10 டன் எடையுள்ள கருங்கல் தூண் ஒன்று நாட்டப்பட்டது. 15 அடி உயரம்; மேல் நோக்கிக் குறுகும் வடிவம். டாப்பிங்கின் பெயரையும் 1792 என்னும் ஆண்டையும் இலத்தீன் எழுத்தில் தாங்கிய அத்தூணில் தமிழிலும் தெலுங்கிலும் இந்துஸ்தானியிலும் வாசகங்கள் பொறிக்கப்பட்டன. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வருவோரும், கணித அறிவியல் ஆசியாவில் எப்போது ஊன்றப்பட்டது என்பதை அறிய வேண்டும் என்பது அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. ஆசியாவின் கணித மரபை ஒரே அடியில் இல்லையாக்கும் செருக்கு இதில் உண்டு. ஆயினும் தமிழ்க் கல்வெட்டு மரபை அறிந்தார்க்கு இதில் வேறொன்றும் தென்படும். கொடையளித்த அரசன் 'சந்திராதித்தவரை' அறம் நிலைக்குமாறு கல்லில் வெட்டுவித்தான். சந்திரனையும் ஆதித்தனையும் நொடி பிசகாது அளக்க வந்தவர்கள் ஆயிரம் ஆண்டு என்று ஓர் எல்லையிட்டுக்கொண்டனர். கோயிற் கல்வெட்டுகளைப் படிக்கும் அளவுக்குக் காலனியக் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் தமிழாய்வில் படிக்கப்படாமையால், இத்தூண் வானியல் வரலாற்று நூல்களில் ஒரு வரிச் செய்தியாகவே நின்றுவிட்டது. நாட்டு மக்கள் நாள்தோறும் கடந்து செல்லும் இடத்திலன்றி, கருவி அறைக்குள் நின்ற ஒரு தூணில் தமிழ் வாசகம் யாரை நோக்கிப் பேசியது என்ற வினா இன்னும் எழுப்பப்பட வேண்டியதே.

பதினைந்து நொடி

டாப்பிங் 1796இல் மசூலிப்பட்டினத்தில் மறைந்தார். அவருக்கு உதவியாளராயிருந்த ஜான் கோல்டிங்ஹாம் ஆய்வகத்தின் பொறுப்பேற்றார். வியாழனின் துணைக்கோள்கள் அக்கோளின் நிழலில் மறையும் நேரத்தைச் சென்னையில் குறித்து, அதே நிகழ்ச்சி கிரீன்விச்சில் தோன்றும் நேரத்தோடு ஒப்பிடுவது அவர் கையாண்ட முறை. அதனால் கிடைத்த விடை: சென்னை நேரம் கிரீன்விச்சினும் 5 மணி 21 நிமிடம் 14 நொடி முந்தியது, அதாவது 80 பாகை 18 கலை 30 விகலை கிழக்கு.

துணைக்கோள் மறைவது விளக்கை ஊதி அணைத்தாற்போல் நிகழ்வதன்று. ஒளி மெல்ல மங்குகிறது. எந்தக் கணத்தை மறைவு என்பது என்பது தொலைநோக்கியின் ஆற்றலையும் நோக்குபவரின் கண்ணையும் அன்றைய வானின் தெளிவையும் பொறுத்தது. ஆகவே பின்னர் வந்த கணிப்புகள் எண்ணை மாற்றிக்கொண்டே சென்றன. இந்திய நிலவரைபடங்களுக்கு அடிப்படையாக ஏற்கப்பட்ட மதிப்பு 80 பாகை 17 கலை 21 விகலை. 1890களின் நடுவில், தந்திக் கம்பி வழியாக நேரத்தை ஒப்பிட்டபோது உறுதியானது 80 பாகை 14 கலை 47 விகலை. கோல்டிங்ஹாமின் கணக்கில் இருந்த பிழை நேர அளவில் ஏறத்தாழ 15 நொடி; சென்னையின் அகலாங்கில் அது நிலத்தில் 6.7 கிலோமீட்டர். வரைபடங்களில் நிலைத்த மதிப்பின் பிழையும் 4.6 கிலோமீட்டருக்குக் குறையவில்லை. இந்தியாவின் முக்கோண அளவை சென்னை ஆய்வகத்தையே நெட்டாங்கின் தொடக்கமாகக் கொண்டமையால் நாடு முழுவதும் வரைபடத்தில் அவ்வளவு தூரம் கிழக்கே நகர்ந்து கிடந்தது.

இப்பிழையை மிகைப்படுத்தவும் கூடாது. கரை முழுவதும் ஒன்றாக நகர்ந்ததால் ஊருக்கும் ஊருக்கும் இடையிலான தொலைவு கெடவில்லை. கிரீன்விச் நேரத்தைக் காட்டும் காலமானியோடு பெருங்கடலைக் கடந்து வந்த மாலுமிக்கே அது இடர். அவனுடைய கணக்கில் இன்னும் நான்கு கிலோமீட்டர் தள்ளியிருப்பதாகத் தோன்றும் கரை, இரவில் வேறிடத்தில் இருக்கும். விண்மீன் கொண்டு குறித்த இருப்பிடம் கரை அண்மையில் உண்டு என எச்சரிக்கும். கரையை நெருங்கியபின் வேண்டியது வேறொரு அறிவு.

பாம்பன்

அவ்வேறு அறிவு எத்தகையது என்பதைப் பாம்பன் போலத் தெளிவாகக் காட்டும் இடம் இக்கரையில் இல்லை. மண்டபத்துக்கும் இராமேசுவரம் தீவுக்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் அகலத்தில் கடல் கிடக்கிறது. அதன் குறுக்கே தட்டையான பாறைத் தொடர்கள் அணைபோல் ஓடுகின்றன. ஒரு காலத்தில் தீவுக்கு நடந்தே செல்ல முடிந்தது என்றும், 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புயல் அந்த இணைப்பை உடைத்தது என்றும் இராமேசுவரத்துக் கோயில் மரபு கூறும். அவ்வுடைப்பு வழியே சிறு தோணிகள் சென்றன. சற்றுப் பெரிய கலங்கள் சரக்கை இறக்கி, வெறுங்கலமாகக் கடந்து, மறுபுறம் மீண்டும் ஏற்றிக்கொண்டன. பெருங்கப்பல்கள் இலங்கையைச் சுற்றியே போக வேண்டியிருந்தது.

அபாயம் பாறையால் மட்டும் வந்ததன்று. வாடைக் காலத்தில் பாக்குநீரிணையின் நீர் வடக்கிலிருந்து மன்னார் வளைகுடாவை நோக்கி இவ்விடுக்கு வழியே பாய்கிறது. தென்மேற்குப் பருவத்தில் நீவாடு திசைமாறித் தெற்கிலிருந்து வடக்கே இழுக்கிறது. ஏற்றவற்றம் இங்கு மிகச் சிறிது. ஆகவே, ஏற்றம் வரும்வரை காத்திருந்து பாறையைக் கடக்கலாம் என்னும் ஐரோப்பியத் துறைமுக வழக்கம் இங்குப் பயன்படவில்லை. நீவாட்டின் விசையையும் காற்றின் போக்கையும் சேர்த்து நோக்கி, வளைந்த இடைவெளியில் கலத்தைத் திருப்பும் ஒரு கணத்தை அறிந்தவனே கடக்க முடியும்.

கம்பெனி அரசு 1822இல் ஆர்தர் காட்டனை இக்கால்வாயை ஆராய அனுப்பியது. காவிரி, கோதாவரி அணைகளால் பின்னர்ப் புகழ்பெற்ற அவர் அப்போது இளம் பொறியாளர். 1828இல் சிம் என்னும் பொறியாளர் மீண்டும் அளந்தார். 1830களின் பிற்பகுதியில் இந்தியக் கப்பற்படையைச் சேர்ந்த பாவெல், எதர்சி ஆகியோர் பாக்குநீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் அளந்து கடல் வரைபடங்கள் ஆக்கினர். பாறையை வெடிவைத்து உடைத்தும் மணலை அகற்றியும் பல ஆண்டுகள் நடந்த பணியின் விளைவாக, நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 80 அடி அகலமுள்ள ஒடுங்கிய வழி கிடைத்தது. பாம்பனில் கலங்கரை விளக்கமும் எழுந்தது.

அளவை நடந்த முறை இங்கு நோக்கத்தக்கது. ஈயக்குண்டு கட்டிய கயிற்றைப் படகிலிருந்து இறக்கி ஆழம் பார்த்தனர். குண்டின் அடிக்குழியில் தடவிய கொழுப்பில் ஒட்டி வருவது மணலா, சேறா, சிப்பித்தூளா என்று குறித்தனர். ஒன்றும் ஒட்டாமல் வந்தால் பாறை. ஆழத்தின் அலகு ஆங்கில வழக்கில் இரு கையையும் விரித்த நீளம். தமிழ்க் கடலோரத்தில் வழங்கும் 'பாகம்' என்பதும் அதுவே. கயிற்றை இழுப்பவனின் உடலிலிருந்தே இரு மொழியினரும் தனித்தனியே ஓர் அளவைப் பெற்றிருந்தனர்.

குறியிடுதலிலும் இவ்வொப்புமை தொடர்கிறது. கரையில் உள்ள இரண்டு பொருள்கள் ஒரே கோட்டில் தோன்றும்வரை கலத்தைச் செலுத்தி அக்கோட்டின் வழியே உள்ளே வருவது அளவையாளரின் முறை. அதற்கென்றே கம்பங்களும் மிதவைகளும் நிறுத்தப்படும். மீனவரோ கோயில் கோபுரம், பனைக்கூட்டம், மணல்மேடு என்பவற்றை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திப் பார்க்கின்றனர். கன்னியாகுமரிக் கரையில் மேற்குத் தொடர்ச்சி மலையின் முகடுகளே அக்குறிகள். ஒரு நேர்க்கோட்டோடு குறுக்காக இன்னொரு நேர்க்கோட்டைச் சேர்த்தால் கடலில் ஒரு புள்ளி கிடைக்கும். கரைகாணாப் பரப்பில் மீன்பாரை மறுபடி கண்டுபிடிப்பது இவ்வாறே. வடிவியல் ஒன்று, எழுதப்பட்டதும் எழுதப்படாததும் என்பதே வேறுபாடு.

அந்த வேறுபாடு சிறிதன்று. வரைபடம் வரைந்த நாளின் ஆழத்தையே காட்டும். பாம்பனின் மணலோ ஒவ்வொரு பருவக்காற்றுக்குப் பின்னும் இடம்மாறியது. அதனால் அளவைகள் முடிந்து, கால்வாய் வெட்டப்பட்டு, விளக்கு ஏற்றப்பட்ட பின்னரும் கப்பல்களுக்கு உள்ளூர் வழிகாட்டிகள் வேண்டியிருந்தனர். பாம்பன் ஊரினருள் பெரும்பாலோராயிருந்த லெப்பை முஸ்லிம்கள் சங்கு குளித்தலையும் படகுத் தொழிலையும் கப்பல்களுக்கு வழிகாட்டுதலையும் வாழ்வாகக் கொண்டிருந்ததை அரசுக் குறிப்புகளே பதிவு செய்துள்ளன. ஆனால் ஒரு தொழிற்குழுவாக மட்டுமே. கடல் வரைபடத்தின் தலைப்பில் அளவையாளரின் பெயர் இடம்பெறுவது மரபு. ஈயக்குண்டை எங்கே இறக்க வேண்டும் என்று சுட்டிய படகோட்டியின் பெயர் இடம்பெறுவது மரபன்று. காற்றுகளுக்கு வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்றும், நீரோட்டத்துக்கு நீவாடு என்றும் பெயரிட்டு வகுத்திருந்த ஓர் அறிவுத்துறை, 'உள்ளூர் அனுபவம்' என்ற ஒரு சொல்லுக்குள் அடைக்கப்பட்டது. நெய்தல் திணையைப் பற்றிப் பேசும் தமிழாய்வும் இச்சொற்களை அகராதிக் குறிப்புகளாகக் கொண்ட அளவுக்கு, ஓர் அளவைமுறையின் கலைச்சொற்களாகக் கொள்ளவில்லை.

மலைக்குச் சென்ற கடிகாரம்

காட்டன் பாம்பனுக்கு வருவதற்கு ஓராண்டு முன்பு, 1821இல், அதே மதுரை மாவட்டத்தின் மறுகோடியில் லெப்டினன்ட் பெஞ்சமின் ஸ்வெய்ன் வார்டு பழனி மலையை அளந்துகொண்டிருந்தார். அவர் குறிப்பில் அம்மலை வராககிரி. கடலில் ஆழம் எவ்வாறு வழிகாட்டியின்றிக் கிடைக்கவில்லையோ, அவ்வாறே மலையில் தடமும் ஊர்ப்பெயரும் அங்கு வாழ்ந்தோரின்றிக் கிடைத்திருக்க இயலாது. 1845இல் மதுரையிலிருந்த அமெரிக்கச் சமயப் பணியாளர்கள் வெயிலுக்கும் நோய்க்கும் ஒதுங்கிக் கோடைக்கானலில் வீடு கட்டினர். ஆய்வகம் அங்குச் செல்ல இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

இதற்கிடையே நுங்கம்பாக்கத்தில் நோக்கங்கள் மாறிவந்தன. டி. ஜி. டெய்லர் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் பட்டியலை 1844இல் வெளியிட்டார். 1861இல் பொறுப்பேற்ற நார்மன் போக்சன் அவ்வாண்டே ஒரு சிறுகோளைக் கண்டு அதற்கு 'ஏசியா' என்று பெயரிட்டார். அவரிடம் முதல் உதவியாளராயிருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டறிந்தார். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்த நிகழ்ச்சியைப் பொதுமக்களுக்கு விளக்கி இந்திய மொழிகளிலும் வெளியான சிறுநூலை எழுதினார். தூணின் தமிழ் வாசகம் அறிவியல் வந்துவிட்டது என்று அறிவித்தது. அதே வளாகத்திலிருந்து எண்பது ஆண்டுக்குப் பின் எழுதிய ரகுநாதாச்சாரி, அது எவ்வாறு நிகழ்கிறது என்று வாசகனுக்கு விளக்க முற்பட்டார். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பது தமிழ் அறிவியல் உரைநடையின் வரலாற்றுக்குப் பயன்தரும்.

சென்னையின் ஈரமும் தூசியும் நிறைந்த வானம் புதிய ஆய்வுகளுக்கு ஒவ்வாது என்பதைப் போக்சனே உணர்ந்திருந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியராயிருந்த மிக்கி ஸ்மித் பழனி, நீலகிரி மலைகளின் வானிலையை ஒப்பிட்டு ஆராய்ந்தார். 1876-78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்துக்குப் பின், சூரியக் கரும்புள்ளிகளின் ஏற்றத்தாழ்வுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்ற எண்ணம் அரசிடம் வலுப்பெற்றது. கப்பலின் அபாயத்துக்காகத் தோன்றிய நிறுவனத்தை மலைக்கு ஏற்றியது வயலின் அபாயம். 1895இல் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார்.

1899க்குப் பின் நுங்கம்பாக்கத்தில் எஞ்சியது நேரம் கணிக்கும் பணி மட்டுமே. அதுவும் 1931இல் நின்றது. கருங்கல் தூண் அங்கேயே, வானிலைத் துறை வளாகத்தில் நிற்கிறது. புயல் எச்சரிக்கை இன்று கரைக்குச் செல்வதும் அவ்வளாகத்திலிருந்துதான். 1850ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆறு அங்குலத் தொலைநோக்கி கோடைக்கானலுக்குச் சென்று சூரியனைப் படமெடுக்கப் பயன்பட்டது. அதனோடு மலையேறிய மற்றொன்று, ஜான் ஷெல்டன் செய்த ஊசற் கடிகாரம். 1769இல் வெள்ளியின் கடப்பை நோக்கப் பசிபிக் கடலுக்குச் சென்ற கேப்டன் குக் எடுத்துப்போனது அதே கைவினைஞர் செய்த கடிகாரம். பாம்பனில் 1914 பிப்ரவரியில் தொடர்வண்டிப் பாலம் திறக்கப்பட்டபோது, கீழே கலங்கள் செல்ல வழிவிட்டு அதன் நடுப்பகுதி இரண்டாகத் தூக்கப்படுமாறு அமைக்கப்பட்டது. மேலே செல்லும் வண்டிக்கு மணி குறிக்கப்பட்டிருந்தது. கீழே செல்லும் கலம் நீவாடு தணியும்வரை காத்திருந்தது.